ஜெர்மனியைப் பிரித்த எல்லையை எங்கே, எப்படிப் போய்ப் பார்ப்பது?

நீங்கள் கேட்டது இது: மேற்படிப்புக்காக ஜெர்மனி வந்திருக்கிறீர்கள், பெர்லின் சுவரைப் பார்த்தாயிற்று. அந்தச் சுவர் இல்லாமல், நாட்டையே மேலிருந்து கீழ்வரை பிரித்த எல்லை ஒன்று இருந்ததாமே, அது இப்போது எங்கே? போய்ப் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா? நாலைந்து நாளில் எதையெல்லாம் பார்க்கலாம்?

மிச்சம் நிறைய இருக்கிறது. நான் கோட்டிங்கன் பக்கம் குடிவந்த நாளிலிருந்து, இரண்டு நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்தால் அந்தப் பக்கம்தான் போகிறேன். அதனால் பதில் நீண்டுவிட்டது, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும். பெர்லின் நகரம் கிழக்கு ஜெர்மனியின் நடுவே, எல்லையிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருந்தது. அந்த நகரத்தின் மேற்குப் பகுதியைச் சுற்றி 1961 ஆகஸ்ட் 13 முதல் எழுப்பப்பட்டதுதான் பெர்லின் சுவர். மொத்தச் சுற்று சுமார் 155 கி.மீ. நாட்டைப் பிரித்த எல்லை வேறு. வடக்கே லூபெக் அருகில் பால்டிக் கடற்கரை மணலில் தொடங்கி, தெற்கே ஹோஃப் நகரத்துக்குப் பக்கத்தில் அன்றைய செக்கோஸ்லோவாகியாவைத் தொடும்வரை அது 1,393 கி.மீ. ஓடியது. வயதிலும் மூத்தது. கிழக்கு ஜெர்மனி அதை 1952 மே 26 அன்றே அடைத்துவிட்டது. ஒன்பது ஆண்டு கழித்துத்தான் பெர்லினில் சுவர் வந்தது. எல்லையை அடைத்த பிறகும் பெர்லின் வழியாக ஜனங்கள் மேற்கே போய்க்கொண்டே இருந்தார்கள், அந்த ஓட்டையை அடைக்கக் கட்டியதுதான் சுவர்.

அந்த எல்லைக்கோட்டை யாரும் புதிதாக யோசித்து வரையவில்லை. போர் முடியும் முன்பே, 1944இல், நேச நாடுகள் லண்டனில் உட்கார்ந்து ஜெர்மனியை ஆக்கிரமிப்பு மண்டலங்களாகப் பங்கிட்டபோது பழைய மாகாண, சமஸ்தான எல்லைகளை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பின்னால் சோவியத் மண்டலம் கிழக்கு ஜெர்மனி ஆனது, மற்ற மண்டலங்கள் மேற்கு ஜெர்மனி ஆயின. ராஜாக்கள் காலத்தில் வரி வசூலுக்காகப் போட்ட கோடு அது. ஓடைக்கு நடுவே போகும், ஒருவர் தோட்டத்தைக் குறுக்கே வெட்டும், ஒரே ஊரை இரண்டாக்கும். வரி வசூலுக்கு அது போதும். பின்னால் அதன்மேல் வேலி வருமென்று அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இனி நான் சொல்லப்போகிற யோசனையை மட்டுமாவது மறக்காதீர்கள். எந்த இடத்துக்குப் போனாலும் எல்லையைக் கிழக்கிலிருந்து மேற்காக நடந்து பாருங்கள்.

பெரும்பாலானோர் மேற்கிலிருந்து கார் ஓட்டி வருகிறார்கள். வேலி தெரியும், கோபுரம் தெரியும், படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் வெளியே இருந்து வருகிறவரைத் தடுக்கும் சாதாரண எல்லை போலத்தான் தோன்றும். உள்ளே இருந்து வெளியேற நினைத்தவர் எந்த வரிசையில் எதைச் சந்தித்தாரோ, அதே வரிசையில் நீங்களும் நடந்தால்தான் அது யாருக்காகக் கட்டப்பட்டது என்று புரியும்.

அந்த வரிசையைச் சொல்கிறேன். எல்லைக்கு 5 கி.மீ. முன்பே தடைப்பகுதி ஆரம்பித்துவிடும். அதற்குள் குடியிருப்பவரின் அடையாள அட்டையில் தனி முத்திரை இருக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் சொந்த அண்ணன் வீட்டுக்கு வருவதென்றாலும் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கடைசி 500 மீட்டர் இன்னும் கடுமையானது. அதன் வாசலில் சமிக்ஞை வேலி நிற்கும், கம்பியைத் தொட்டால் காவல் கோபுரத்தில் மணி அடிக்கும். அதைத் தாண்டினால் காவல் கோபுரங்கள், நீளக் கம்பியில் சங்கிலி பூட்டி ஓடவிட்ட நாய்கள், ரோந்து வண்டிகள் ஓடும் கான்கிரீட் பாதை. பாதையை ஒட்டி 6 மீட்டர் அகலத்துக்கு உழுது பரம்படித்த மண். நாற்றங்காலைப் போல மட்டமாக, புல் ஒன்றுகூட முளைக்காமல் வைத்திருப்பார்கள், காலடி பட்டால் தெரிந்துவிட வேண்டும் என்பதற்காக. அப்புறம் வண்டிகளை மறிக்கும் பள்ளம். கடைசியில் 3 மீட்டருக்கு மேல் உயரமான இரும்புச் சல்லடை வேலி.

அந்தப் பள்ளத்தை மட்டும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கிழக்குப் பக்கம் சரிவாக இறங்கும், மேற்குப் பக்கம் கான்கிரீட் பலகை பதித்துச் செங்குத்தாக நிற்கும். மேற்கிலிருந்து ஒரு டாங்கி வந்தால் தொப்பென்று இறங்கிச் சரிவில் ஏறிப் போய்விடலாம். கிழக்கிலிருந்து வரும் லாரி சரிவில் இறங்கிச் சுவரில் முட்டி நின்றுவிடும். பாசிச எதிரிகளிடமிருந்து நாட்டைக் காக்கும் எல்லை என்றுதான் கிழக்கு ஜெர்மன் அரசு கடைசிவரை சொல்லிவந்தது. இந்தப் பள்ளத்தின் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேச்சு நினைவுக்கு வரும்.

வேலியைத் தாண்டினாலும் மேற்கு வந்துவிடாது என்பதும் பலருக்குத் தெரியாது. வேலிக்கு அப்பாலும் கிழக்கின் நிலம் இருந்தது. சில இடங்களில் சில பத்து மீட்டர், சில இடங்களில் அதைவிடப் பல மடங்கு. கறுப்பு, சிவப்பு, தங்க நிறப் பட்டை போட்ட ஆளுயரக் கம்பங்கள் அங்கே நடப்பட்டிருந்தன. கம்பத்தின் உச்சியில் ஒரு இரும்பு முள் உண்டு, பறவை உட்காரக் கூடாதென்று வைத்தது. உண்மையான எல்லை அந்தக் கம்பங்களுக்கும் சில அடி முன்னால் ஓடியது. மேற்குப் பக்கம் நடக்கப் போனவர்கள் வேலிதான் எல்லை என்று நினைத்து நாலு அடி கூட வைத்துக் கைதானதும் உண்டு.

சரி, எங்கே போவது?

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் கோட்டிங்கனில் ரயில் ஏறி பாட் சோடன்-அல்லன்டோர்ஃபில் இறங்குங்கள். முக்கால் மணி நேரம்கூட ஆகாது, டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுதும் செல்லும் மாதச் சீட்டு) செல்லும். ரயிலில் போகும்போதே கதை தொடங்கிவிடுகிறது. 1945இல் கோட்டிங்கன்–பெப்ரா ரயில் பாதை அமெரிக்கர்களுக்கு உயிர்நாடி. வடக்கே பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் இறங்கும் சரக்கு அந்தத் தடத்தில்தான் தெற்கே அவர்களுடைய மண்டலத்துக்கு வர வேண்டும். ஆனால் நடுவில் சுமார் 4 கி.மீ. தூரம் சோவியத் மண்டலத்துக்குள் போனது. அங்கே ரயில் நிற்பதும் தாமதமாவதும் வழக்கமாயிற்று. கடைசியில் செப்டம்பர் 17 அன்று வான்ஃப்ரீட் என்ற சிற்றூரில் இரு தரப்பு அதிகாரிகளும் கூடி நிலத்தை மாற்றிக்கொண்டார்கள். தண்டவாளம் போகும் வெர்லஸ்ஹவுசன், நாய்சேசன் என்ற இரண்டு கிராமங்கள் அமெரிக்கர்களுக்கு வந்தன. பதிலுக்கு ஹெஸ்ஸன் மாநிலத்தின் ஐந்து கிராமங்கள் சோவியத் பக்கம் போயின. கையெழுத்தான பிறகு விஸ்கி பாட்டிலும் வோட்கா பாட்டிலும் கைமாறினதாகச் சொல்வார்கள், அதனால் இந்தத் தடத்துக்கு 'விஸ்கி-வோட்கா பாதை' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பேர் வேடிக்கையாக இருக்கலாம். கைமாறிய அந்த ஐந்து கிராமங்களில் ஆஸ்பாக், சிக்கன்பெர்க் இரண்டும் நீங்கள் இறங்கும் ஸ்டேஷனிலிருந்து மலை ஏறினால் வந்துவிடும். 4 கி.மீ. தண்டவாளத்துக்காக அந்த ஊர்க்காரர்கள் கிழக்கு ஜெர்மன் குடிமக்கள் ஆனார்கள், 44 ஆண்டு எல்லைக்கு அந்தப் பக்கமே இருந்தார்கள். அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கும் அவை தூரிங்கியா மாநிலத்தில்தான் இருக்கின்றன, ஹெஸ்ஸனுக்குத் திரும்பவில்லை. அந்த ரயிலில் போகும்போது ஜன்னல் பக்கம் உட்காருங்கள், வெர்ரா நதி வளைந்து வளைந்து கூடவே வரும்.

மேலே ஏறினால் ஷிஃப்ளர்ஸ்குருண்ட் எல்லை அருங்காட்சியகம். 1991 அக்டோபர் 3 அன்று, இரு ஜெர்மனிகளும் ஒன்றான முதலாண்டு நிறைவு நாளில் திறந்தார்கள். எல்லை அருங்காட்சியகங்களில் இதுதான் மூத்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் பழைய சல்லடை வேலி 1 கி.மீ.க்கு மேல் அப்படியே நிற்கிறது. வேலியில் கை வைத்துப் பாருங்கள். துளைகள் சாய்சதுர வடிவில், விரல் நுனிக்கு மேல் நுழையாத அளவில் இருக்கும். விளிம்பு கத்தி மாதிரி. பிடித்து ஏறக் கூடாது என்று கணக்குப் போட்டு வெட்டிய துளைகள்.

அங்கே மேட்டில் ஒரு சிலுவை நிற்கிறது. 1982 மார்ச் 29 அன்று ஹைன்ஸ்-யோசெஃப் குரோஸ என்ற தொழிலாளி அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லைப் பணிகளுக்காக மண் அள்ளும் வண்டி ஓட்டியவர் அவர். காவலர் கொஞ்சம் விலகிப்போன நேரம் பார்த்து வண்டியை வேலியருகே கொண்டுபோய் நிறுத்தி, வண்டியின் தூக்குக் கையை வேலிக்கு மேலாக நீட்டி, அதன்மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்துவிட்டார். வேலியைத் தாண்டிவிட்டார், எல்லையைத் தாண்டவில்லை. எதிர் மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து சுட்டார்கள். வயது 34. வேலி நிற்கும் இடத்திலிருந்து அந்த மேட்டை ஒருமுறை ஏறிப் பாருங்கள். மூச்சு வாங்கும், ஆனால் சில நிமிஷ ஏற்றம்தான். நான் முதல் தடவை போனபோது அந்தச் சரிவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சல்லடை வேலியின் கிழக்குப் பக்கத்தில்தான் எஸ்எம்-70 என்ற தானியங்கி வெடிக் கருவிகளை மாட்டியிருந்தார்கள். கம்பியைத் தொட்டால் கூம்பு போன்ற குழாயிலிருந்து வேலியை ஒட்டியே இரும்புத் துண்டுகள் பாயும். எல்லை நெடுக சுமார் 60,000 கருவிகள் இருந்தன. அப்படி ஒன்றும் இல்லை என்றுதான் கிழக்கு ஜெர்மனி வெளியுலகத்தில் சாதித்தது. அங்கே ஏறக்குறைய பத்தாண்டு சிறையில் இருந்துவிட்டு மேற்கே வந்த மிகாயேல் கார்டன்ஷ்லேகர் 1976இல் வேலிக்குப் போய் இரண்டு கருவிகளைக் கழற்றிக் கொண்டுவந்து உலகத்துக்குக் காட்டினார். மூன்றாவது தடவை போனபோது, ஏப்ரல் 30 நள்ளிரவை ஒட்டி, காத்திருந்த சிறப்புப் படையினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கருவிகளை 1984க்குள் முழுவதும் கழற்றிவிட்டார்கள், மண்ணில் புதைத்த கண்ணிவெடிகளை அடுத்த ஆண்டுக்குள்.

இரண்டாம் நாளுக்கு மரியன்போர்ன். ஹெல்ம்ஷ்டெட்–மாக்டபுர்க் ரயிலில் போய் இறங்கி நடக்கலாம். மேற்கு ஜெர்மனியிலிருந்து பெர்லினுக்குப் போகும் முக்கிய நெடுஞ்சாலையில், எல்லையிலேயே மிகப் பெரிய சோதனைச் சாவடி இதுதான். ஏறத்தாழ ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள். 1985க்கும் 1989க்கும் நடுவே மட்டும் 3 கோடியே 46 லட்சம் பயணிகள் கடந்தார்கள். இப்போது நினைவகம், உள்ளே போகக் கட்டணம் இல்லை.

அங்கே என் மனதை ஆட்டியது கோபுரமோ விளக்குக் கம்பமோ இல்லை. சாவடியிலிருந்து சாவடிக்கு மூடிபோட்ட தாழ்வாரம் மாதிரி ஒரு பெட்டி நீண்டு போகும். உள்ளே ஒரு பட்டை ஓடும். உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கி அந்தப் பட்டையில் போட்டுவிடுவார்கள். அது உங்கள் கண்ணுக்கு எட்டாத அறைக்குப் போய், அங்கே யாரோ பார்த்து, பிறகு இன்னொரு ஜன்னலில் வந்து சேரும். அதுவரை காருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பாஸ்போர்ட் கையில் இல்லாத அந்தச் சில நிமிஷம் எப்படி இருக்கும் என்று வெளிநாட்டில் வாழும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, போகிற வண்டிகளுக்குள் ஆள் ஒளிந்திருக்கிறாரா என்று காமாக் கதிர் பாய்ச்சியும் பார்த்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அது தெரியாது. 1989க்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

எல்லை திறந்த 1989 நவம்பர் 9 இரவு பெர்லினில் ஒரு பாலத்தில் கூட்டம் அலைமோதியதை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்கும் முன்பே, இரவு ஒன்பதேகால் மணி சுமாருக்கு, மாக்டபுர்க் பக்கத்திலிருந்து ஒரு பெண் மருத்துவர் மகளைக் காரில் உட்காரவைத்துக்கொண்டு இந்த மரியன்போர்ன் சாவடிக்கு வந்துவிட்டார். தொலைக்காட்சியில் எல்லை திறந்துவிட்டது என்றார்களே, உண்மையா என்று பார்க்க வந்தவர். காவலர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் விட்டுவிட்டார்கள். மேற்கே போய், சற்று நேரத்தில் திரும்பியும் வந்துவிட்டார்.

மரியன்போர்னிலிருந்து அதிக தூரமில்லை, ஹோட்டன்ஸ்லேபன். இதைக் கட்டாயம் பாருங்கள், அருங்காட்சியகக் கட்டடம் எதுவும் இல்லாத திறந்தவெளி, எந்நேரமும் போகலாம். ஊரின் கடைசி வீட்டை ஒட்டியே எல்லை போனதால் இங்கே வேலிக்குப் பதில் சுவரே கட்டியிருந்தார்கள். 350 மீட்டர் நீளத்துக்கு ஊர்ப்பக்கச் சுவர், சமிக்ஞை வேலி, ரோந்துப் பாதை, பரம்படித்த மண், இரும்புத் தடைகள், வெளிச்சுவர், மேட்டில் கோபுரம் என்று முழு அடுக்கும் அப்படியே நிற்கிறது. மற்ற இடங்களில் 1990இல் ஆத்திரத்தில் இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது, இது இருக்கட்டும் என்று உள்ளூர்க்காரர்கள் சிலர் பிடிவாதமாக நின்று காப்பாற்றியது. அன்று அவர்களைத் திட்டியவர்கள் இருந்திருப்பார்கள். நான் கிழக்கிலிருந்து நடக்கச் சொன்னேனே, அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஊர்த் தெருவில் ஆரம்பியுங்கள். வீட்டு வாசல், சாலை, எதிரே சுவர்.

மூன்றாம் நாள் தெற்கே போக முடிந்தால் மோட்லாராய்ட். ஐம்பது பேர்கூட முழுதாக இல்லாத குக்கிராமம். ஊர் நடுவே டான்பாக் என்ற ஓடை, ஒரு தாவில் தாண்டிவிடலாம். ஓடைக்கு இந்தப் பக்கம் பவேரியா, அந்தப் பக்கம் தூரிங்கியா. 1966இல் ஓடையை ஒட்டி 700 மீட்டருக்குக் கான்கிரீட் சுவர் எழும்பியது. அமெரிக்கச் சிப்பாய்கள் 'குட்டி பெர்லின்' என்று பெயர் வைத்தார்கள். பெர்லினிலாவது பக்கத்துத் தெருவில் யாரென்று தெரியாது. இங்கே சுவருக்கு அப்பால் துணி காயப்போடுவது யார் என்று தெரியும், தெரிந்தவர்தான், சொந்தக்காரராகவும் இருப்பார். மேற்குப் பக்கத்தவர் மேட்டில் நின்று கை அசைப்பார்கள். கிழக்குப் பக்கத்தவர் பதிலுக்குக் கை தூக்கக் கூடாது, தடை. 1990 ஜூன் 17 அன்று புல்டோசர் வைத்துச் சுவரை இடித்தார்கள், 100 மீட்டரை மட்டும் நினைவுக்கு விட்டார்கள்.

எனக்கு அந்த ஊரில் பிடித்தது இன்றைய வாழ்க்கை. ஓடை இன்னமும் மாநில எல்லைதான். இரண்டு அஞ்சல் குறியீடு, இரண்டு தொலைபேசிக் குறியீடு, இரண்டு மேயர். பவேரியப் பக்கம் 'குரூஸ் காட்' என்று வணக்கம் சொல்வார்கள், பாலத்தைத் தாண்டினால் 'கூட்டன் டாக்'. இந்த வித்தியாசம் சுவருக்கும் முந்தியது, ராஜாக்கள் காலத்துக் கோடு. அதை வைத்துக்கொண்டே ஒரே ஊராக வாழ முடிகிறது.

இதே வட்டாரத்தில்தான் இரண்டு குடும்பங்கள், நாலு பெரியவர்களும் நாலு பிள்ளைகளும், துணி வாங்கி வீட்டிலேயே தைத்த வெப்பக்காற்று பலூனில் ஏறி 1979 செப்டம்பர் 16 விடியற்காலையில் எல்லையைக் கடந்தார்கள். அரை மணி நேரத்துக்கும் குறைவான பயணம். நைலா என்ற பவேரிய ஊருக்குப் பக்கத்தில் விழுந்து இறங்கி, எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாமல் இருட்டில் நின்றார்கள். அந்த பலூன் இப்போது ரேகன்ஸ்புர்கில் பவேரிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒன்றும் மிச்சமில்லாத இடங்களும் உண்டு, அவற்றில் ஒன்றையாவது பாருங்கள். தூரிங்கியாவின் தெற்கு ஓரத்தில் பில்முட்ஹவுசன் என்றொரு ஊர் இருந்தது. வேலிக்கு ரொம்ப நெருக்கம் என்று 1952இலேயே சில குடும்பங்களை வண்டி ஏற்றி அனுப்பினார்கள். அந்த நடவடிக்கைக்கு அரசு வைத்த ரகசியப் பெயர் 'பூச்சி ஒழிப்பு'. எல்லை நெடுக இப்படி 1952இலும் 1961இலுமாகப் பதினோராயிரம் பேருக்கு மேல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். பில்முட்ஹவுசனில் 1965இல் தேவாலயத்தை இடித்தார்கள், 1978இல் கடைசிக் குடும்பத்தையும் அனுப்பிவிட்டு ஊரையே தரைமட்டமாக்கினார்கள். இன்றைக்கு அங்கே புல்வெளியும் மரங்களும் இடுகாடும்தான் இருக்கின்றன. கல்லறைக் கற்களில் பெயர் இருக்கிறது, அந்தப் பெயர்காரர்கள் குடியிருந்த தெரு இல்லை. நாடு ஒன்றான பிறகு, பறிகொடுத்த எல்லை நிலத்தைச் சந்தை விலையில் கால் பங்கு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று 1996இல் ஒரு சட்டம் வந்தது. தன் சொந்த நிலத்தைத் தானே காசு கொடுத்து வாங்க வேண்டும். அதைப் பற்றிப் பேசும்போது இங்கே உள்ள முதியவர்களின் குரல் இன்னும் மாறிவிடுகிறது. அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று நானும் நினைக்கிறேன்.

ஃபுல்டா பக்கம் போனால் பாயிண்ட் ஆல்பா இருக்கிறது, அமெரிக்கப் படையின் கண்காணிப்பு முகாமும் கிழக்கின் கோபுரமும் நேருக்கு நேர் நிற்கும். போர்த் தந்திரத்தில் ஆர்வம் இருந்தால் போங்கள். எனக்கு அதைவிடப் பக்கத்திலிருக்கும் ஃபிலிப்ஸ்டால்தான் முக்கியம். அங்கே ஒரு அச்சகக்காரரின் வீட்டுக்குள்ளேயே எல்லைக்கோடு புகுந்து போனது. 1951 கடைசி நாள் இரவு, எல்லாரும் புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் இருக்கும்போது, அந்த வீட்டுக்காரர்கள் கிழக்குப் பக்கத்து அறைகளுக்குப் போகும் வழியைச் செங்கல் வைத்து அடைத்து மேற்கோடு ஒட்டிக்கொண்டார்கள். 1976இல்தான் முழு வீடும் முறைப்படி மேற்குக்கு வந்தது.

வடக்கே போகிறவர்களுக்கு எல்ப நதிக்கரையில் ரூட்டர்பெர்க். இந்த ஊருக்கு ஆற்றுப் பக்கம் எல்லை வேலி, போதாதென்று 1967 முதல் முதுகுப் பக்கமும், அதாவது சொந்த நாட்டுப் பக்கமும், இன்னொரு வேலி. ஒரே ஒரு கதவு. இரவு பதினொரு மணிக்குப் பூட்டினால் காலை ஐந்து மணிக்குத்தான் திறக்கும், நேரம் தவறி வந்தவர் வெளியே நிற்க வேண்டியதுதான். 1989 நவம்பர் 8 அன்று ஊர்த் தையல்காரர் ஒருவர் சொன்ன யோசனைப்படி ஊரார் கூடி, இனி நாங்கள் ஒரு 'கிராமக் குடியரசு' என்று தீர்மானம் போட்டார்கள். சட்டத்தை நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். மறுநாள் இரவு பெர்லினில் என்ன நடக்கப்போகிறதென்று அவர்களுக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

வேலி, கோபுரம் எல்லாம் போதும், நடக்க வேண்டும் என்றால் எங்கேயும் நடக்கலாம். எல்லை இருந்த பட்டையின் பெரும்பகுதி இப்போது 'பசுமைப் பட்டை' என்ற இயற்கைக் காப்பு நிலம். இதுவும் ஒரு பையனின் கண்ணில் தொடங்கியது. 1970களில் கோபுர்க் பக்கம் கை ஃபுரோபல் என்ற பள்ளி மாணவர் மேற்கிலிருந்து தொலைநோக்கி வைத்துப் பறவை பார்த்துக்கொண்டிருந்தார். சுற்று வயல்களில் காணாமல் போய்விட்ட புதர்ச்சிட்டு ஒன்று எல்லை வேலியிலும் கம்பத்திலும் வரிசையாக உட்கார்ந்திருந்தது. அங்கே யாரும் உழவில்லை, உரம் போடவில்லை. எல்லை திறந்து ஒரு மாதம்கூட ஆகாத 1989 டிசம்பர் 9 அன்று இரு பக்கத்து இயற்கை ஆர்வலர்களும் ஹோஃப் நகரத்தில் கூடி, இந்தப் பட்டையைக் காப்பாற்ற வேண்டும் என்று தீர்மானம் எடுத்தார்கள். அவர்களில் ஒருவர் ஃபுரோபல். இப்போது அழிவின் விளிம்பிலிருக்கும் 1,200க்கும் மேற்பட்ட உயிரினங்கள் அந்தப் பட்டையில் வாழ்கின்றன. தூரிங்கியா மாநிலம் தன் பங்கான 763 கி.மீ.யை 2018இல் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்தது.

நடக்கும்போது காலுக்குக் கீழே இருக்கப்போவது அந்தப் பழைய ரோந்துப் பாதைதான், கொலோனன்வேக் என்பார்கள். வண்டிச் சக்கரத்துக்கு இரண்டு வரிசையாகக் கான்கிரீட் பலகைகள், ஒவ்வொன்றிலும் வரிசை வரிசையாக ஓட்டை. ஓட்டைகளில் இன்று புல்லும் காட்டுப் பூவும் முளைத்திருக்கின்றன, மழை பெய்தால் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கிண்ணமாகத் தண்ணீர் பிடித்திருக்கும். கணுக்கால் மடங்க ரொம்ப வாய்ப்பு உண்டு. கணுக்காலை மூடும் ஷூ போடுங்கள், மெல்லிய டயர் சைக்கிள் வேண்டவே வேண்டாம். பாதையைவிட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள். கண்ணிவெடிகளை அகற்றும் வேலை 1990களின் நடுவிலேயே முடிந்தது என்றாலும் எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் அதற்குக் கீழ்ப்படியுங்கள். மரங்களையும் கவனியுங்கள். இரு பக்கமும் வயதான காடு, நடுவில் மட்டும் இளம் பூர்ச்ச மரங்கள் வரிசையாக நின்றால், அதுதான் எல்லை.

ஹார்ஸ் மலையில் புரோக்கன் சிகரமும் (1,141 மீட்டர்) அந்த எல்லைக்கோட்டை ஒட்டியதே. 1961 முதல் பொதுமக்கள் யாரும் ஏறக் கூடாது, உச்சியில் ஒட்டுக்கேட்கும் நிலையங்கள். 1989 டிசம்பர் 3 அன்று ஜனங்கள் கூட்டமாக நடந்துபோய்க் கதவைத் திறக்கவைத்தார்கள். வெர்னிகெரோடவிலிருந்து நீராவி ரயில் போகிறது, பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நல்லது.

நமக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அது பெர்லினிலேயே இருக்கிறது, நீங்கள் கடந்து போயிருப்பீர்கள், ஃபிரீட்ரிக்ஸ்டிராச ரயில் நிலையம். 1980களில் இலங்கையிலிருந்து உயிருக்குத் தப்பி வந்த தமிழர்கள் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில்தான் இறங்கினார்கள். கிழக்கு ஜெர்மனி இடைவழி விசா கொடுத்து, இந்த ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டது. மேற்கு பெர்லினில் இறங்கும்போது யாரும் நிறுத்திக் கேட்கவில்லை, ஏனென்றால் பெர்லின் ஒரே நகரம், நடுவில் இருப்பது நாட்டின் எல்லையே அல்ல என்பது மேற்கின் நிலைப்பாடு. அதனால் அங்கே குடிவரவுச் சோதனை வைக்கவில்லை. சொந்த மக்களுக்குப் பூட்டிய வாசல் ஈழத்துப் பிள்ளைகளுக்குத் திறந்திருந்தது. மேற்கு ஜெர்மனி கேட்டுக்கொண்டதன் பேரில் 1985இல் அந்த வழியைத் தமிழர்களுக்கு மூடினார்கள். ஸ்டேஷனை ஒட்டியிருக்கும் கண்ணாடிக் கூடம்தான் டிரேனன்பலாஸ்ட், 'கண்ணீர் மாளிகை'. மேற்கிலிருந்து பார்க்க வந்த சொந்தங்களைக் கிழக்கில் இருந்தவர்கள் வழியனுப்பிய இடம், இப்போது அருங்காட்சியகம். உங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியிலோ கோயிலிலோ அறுபது வயது தாண்டிய அண்ணர்மார் இருப்பார்கள். எந்த வழியாக வந்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். சிலர் சொல்வார்கள், சிலர் சொல்ல மாட்டார்கள், வற்புறுத்தாதீர்கள்.

கடைசியாகச் சில நடைமுறை விஷயம். அருங்காட்சியகங்கள் பல திங்கட்கிழமை மூடியிருக்கும், குளிர்காலத்தில் நேரம் குறைவு, போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். மோட்லாராய்ட், பில்முட்ஹவுசன், ரூட்டர்பெர்க் மூன்றுக்கும் கார் இருந்தால் நல்லது, இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். காரில் போகும்போது சாலையோரம் பழுப்புப் பலகைகளைப் பாருங்கள். ஜெர்மனியும் ஐரோப்பாவும் இந்த இடத்தில் எந்த நாள், எத்தனை மணி வரை பிரிந்திருந்தன என்று எழுதியிருக்கும். எல்லாப் பலகையிலும் நவம்பர் 9 இருக்காது. ஒரு ஊரில் நவம்பர் 12, அடுத்த ஊரில் டிசம்பர், சில இடங்களில் 1990. ஒவ்வொரு ஊரும் தன் வேலியைத் தானே ஒரு நாள் திறந்தது, நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறது. நான் பார்க்கும் இடத்திலெல்லாம் வண்டியை ஓரம் கட்டி அந்த மணியைக் குறித்துக்கொள்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பாதி நிரம்பியிருக்கிறது.